மதினிக்குச் செய்த மூன்று கண் டார்ச்

மதினி,

இன்று மதியம் ரங்கத் ஊரில் நான் பழுது பார்க்கும் கடையில், ஒரு டார்ச்சின் ரிஃப்ளெக்டரை, பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்பான கிண்ணத்தை, சாணைச் சக்கரத்தில் உரசிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் சூடேறிக் கருகல் வாசனை எழுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. டார்ச் கொண்டுவந்தவர் என்னாச்சு என்று ஹிந்தியில் கேட்டார். ஒன்றுமில்லை என்று அவரை அனுப்பிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் தவறிய பிறகு கச்சால் தீவு வீட்டில் நாம் இருவர்தான். விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போவோம். ஒரு நாள் நீங்கள் மரத்தில் மோதி நின்றீர்கள். நெற்றியில் ரத்தம். கடை டார்ச்சில் வெளிச்சம் பற்றவில்லை என்றீர்கள். நானும் நம்பினேன். பழுது பார்க்கும் வேலை கொஞ்சம் தெரியும் என்பதால், ஒன்றுக்கு மூன்றாக எல்.இ.டி. வைத்து நானே செய்யத் துணிந்தேன்.

குழாய்க்குள் மூன்று ரிஃப்ளெக்டர்கள் அடங்கவில்லை. முட்டிய பக்கங்களை, இதே கருகல் வாசனை எழ, தட்டையாக உரசி, நெருக்கிச் சேர்த்து நுழைத்தேன். வெளிச்சம் ஊசி மாதிரி தூரத்துக்குப் பாய்ந்தது. நீங்கள் காலடி வேரில் தடுக்கி விழுந்தீர்கள். அந்தக் கிண்ணங்களின் உயரத்தை அறுத்துக் குறைத்தேன், ஒளி அகன்றது. உப்புத்தாளால் பளபளப்பை மங்கலாக்கினேன். பாதை முழுக்கப் பரவியது. எனக்கு எல்லாமே தெரிந்தது. நீங்கள் அப்போதும் பால் வடிய மரத்தில் கட்டிய சிரட்டையைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தீர்கள்.

போர்ட் பிளேருக்குக் கப்பலேறினோம். கண் டாக்டர் வெகுநேரம் சோதித்தார். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறதாம். "இதுக்கு இலாஜ் இல்லம்மா" என்றார். வைத்தியம் இல்லை என்று நம் பாஷையில் சொல்லியிருந்தால் அவ்வளவு வலித்திருக்காது. திரும்பும் கப்பலுக்காக ஃபீனிக்ஸ் பே துறையில் காத்திருந்தபோது, பஜாருக்குப் போய் இன்னும் பெரிய ரிஃப்ளெக்டர் வாங்கி வரட்டுமா என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள்.

"வெளிச்சம் போதும் புள்ள. உள்ள வர்ற வழிதான் சின்னதாப் போச்சு."

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. மறுபடி அறுத்தேன், தேய்த்தேன், அலுமினியத் தாள் ஒட்டினேன். நீங்கள் ஒவ்வொரு தடவையும் சுவரில் அடித்துப் பார்த்து, முன்னைக்கு இது தேவலை என்பீர்கள். எனக்காகச் சொல்கிறீர்கள் என்று தெரியும். வேறு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கடைசி மழைக்காலத்தில் பால் வெட்டப் போவதையே நிறுத்திவிட்டீர்கள். நெஞ்சுவலி வந்த வாரம் கடல் கொந்தளித்துக் கிடந்தது. கப்பல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த மருந்தைக் கொடுத்தார்கள். நான் உங்கள் பாதத்தைத் தேய்த்துவிட்டபடி இருந்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான். கட்டிலில் கிடந்தபடி என்னைத் தேடினீர்கள். பக்கத்தில்தான் இருந்தேன், உங்களுக்குத் தெரியவில்லை. எழுந்து வந்து குனிந்து, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று முகத்தை நகர்த்தினேன். ஓரிடத்தில் உங்கள் கண் என்மேல் நின்றது.

"இந்தா இருக்கியே" என்றீர்கள். அதுதான் உங்கள் கடைசிப் பேச்சு.

இப்போதும் யாரிடம் பேசினாலும் நேரே அவர்கள் முகத்துக்கு எதிரே போய் நின்றுவிடுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் ஓரடி பின்வாங்குகிறார்கள். விடமுடியவில்லை, மதினி.