நெத்திலி இருந்த விரதம்

அன்புள்ள ரவிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நாய் டீசலும் சுகம். அங்கே நீயும் உன் இடது காலும் காலுக்குள் வைத்த கம்பியும் சுகமாக இருக்க வடிவுடையம்மன் துணை. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஐந்து வாரமாக முயன்று பார்த்துவிட்டேன். நீ நெத்திலியைக் காட்டு என்று கேட்கும்போதெல்லாம் பூனை தூங்குகிறது என்று சொல்லி டீசலைத்தானே காட்டினேன், உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். உன் அறையில் தங்கும் பஷீர் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுதும் படி, பாதியில் போன் போடாதே. பூனை உயிரோடுதான் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ஆடியில் நீ பட்டறை ஏணியிலிருந்து விழுந்தாய் என்று சேதி வந்ததும் நான் கோயிலுக்கு ஓடினேன் இல்லையா, அங்கே என்ன நேர்ந்துகொண்டேன் என்று உனக்குப் பாதிதான் தெரியும். கவுச்சி சாப்பிட மாட்டேன் என்று மட்டும் நான் சொல்லவில்லை. எங்க ரவி எழுந்து நடக்கணும் தாயே, வர்ற ஆடி வரைக்கும் எங்க வூட்ல கீற ஒரு வாயும் கவுச்சி தொடாது என்று சொல்லிவிட்டேன். பயத்தில் இருக்கிறவளுக்கு அளந்து பேச வருமா? மீன் விற்றுப் பிழைக்கிறவள் வீட்டில் மீன் வாடை இல்லாமல் ஒரு வருஷம். கூடையை வாசலுக்கு வெளியே வைத்து, குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். உன் அப்பா படகில் என்ன தின்றார் என்று நான் கேட்டதே இல்லை. படகு வூடு கிடையாதே என்று அவர் ஒரு வக்கீல் பேச்சு வைத்திருந்தார். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்து படகைக் கரையில் கட்டிய பிறகுதான் மனுஷன் நிஜமாகவே விரதம் இருந்தார், முகம் போன போக்கைப் பார்க்கணுமே.

டீசலுக்கு வேலை சுலபம். நாய்க்கு கேரட்டும் பூசணியும் வேகவைத்துப் போடு என்று நீ முன்னொரு நாள் வீடியோ அனுப்பியபோது நானும் பக்கத்தில் மீன் விற்கிற பூவம்மாவும் மார்க்கெட்டில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தோம், நாய்க்குக் கூட்டு பொரியலா, அப்புறம் வெத்தலை பாக்குமா என்று அவள் கேட்டாள். நேர்ந்துகொண்ட பிறகு அந்த வீடியோதான் கைகொடுத்தது. சோறு, பூசணி, பீன்ஸ், கொஞ்சம் பருப்பு எல்லாம் குழைய வேகவைத்துப் போட்டால் தட்டு பளபளக்க நக்கி வைக்கும். அது கரைக்குப் போய் மீன் தலையும் தின்றுவிட்டு வந்திருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நெத்திலிக்கு அந்த வழியும் இல்லை. அதன் தாய் டேங்கர் லாரியில் அடிபட்டுச் செத்ததிலிருந்து அதை வாசல் தாண்ட விடாதே என்று நீதான் சொன்னாய். நாய்க்கே காய் நல்லது என்றால் பூனைக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன். இரண்டும் நாலு கால், இரண்டுக்கும் வால், எனக்கு என்ன தெரியும். தயிர்ச் சோற்றில் பூசணியை மசித்து வைத்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது, பசி வந்ததும் தின்றது.

இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதில் எனக்குப் பெருமை வேறு. குப்பம்மா வூட்டுப் பூனகூட விரதம் கீதாமே என்று தெருவே வந்து பார்த்தது. சிலர் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அது மெலிந்தது, விரதம் என்றால் மெலியத்தானே செய்யும் என்று விட்டேன். பங்குனியில் ஒரு நாள் ஃபிரிட்ஜ் மேலிருந்து ஜன்னலுக்குத் தாவப் போய்க் கீழே விழுந்தது. பிறகு வாளியில் முட்டியது. நல்ல வெயில் வெளிச்சத்திலும் அதன் கண்ணில் கறுப்பு முழுதாக விரிந்தே இருந்தது. சும்மா படுத்திருக்கும்போதே மேல்மூச்சு வாங்கியது. சித்திரையில்தான் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

திருவொற்றியூரில் புதிதாக ஒரு மிருக டாக்டர் வந்திருக்கிறாள், நவ்ரீன் என்று பெயர், உன் வயசுதான் இருக்கும். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள், ஸ்கேனும் எடுத்தாள். என்ன சாப்பாடு போடுறீங்கம்மா என்றாள். நான் பெருமையாகச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். டாரின் என்று ஒரு பொருள் இருக்கிறதாம், கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது வேண்டுமாம். மனுஷன் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும், நாயின் உடம்பும் பெரும்பாலும் செய்துகொள்ளும், பூனையின் உடம்புக்கு அது போதிய அளவு செய்ய வராதாம். மீனிலிருந்தோ கறியிலிருந்தோதான் எடுத்தாக வேண்டுமாம். அப்ப நாய்க்குக் காய் போடுறதும் தப்பாம்மா என்று கேட்டேன். தப்பில்லம்மா, கொஞ்சம் போட்டா நல்லதுதான், போடலன்னாலும் ஒண்ணும் ஆவாது, வெங்காயம் மட்டும் போட்டுடாதீங்க என்றாள். நாய் ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷன் போட்டதைத் தின்னு தின்னு நம்ம சோறு அதுக்குச் செரிக்கப் பழகிடுச்சு, பூனை நம்ம கூடவே படுத்துக்கினு இருந்தாலும் அதோட வயிறு இன்னும் காட்லதான்மா கீது என்று சொன்னாள்.

ரவி, அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரே பானைச் சோறு. அதை நான் தின்றால் என் கண்ணுக்கு எது வேண்டுமோ அது என் உள்ளேயே ஆகிவிடுகிறது, டீசல் தின்றால் அதன் உள்ளே ஆகிவிடுகிறது, நெத்திலி தின்றால் ஆகவில்லை. மூன்று பேரும் ஒரே கூடத்தில் ஒரே ஃபேனுக்குக் கீழே படுக்கிறோம். மூன்று வயிற்றுக்கும் தனித்தனியாக யாரோ கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், அது தெரியாமலே நான் ஒன்பது மாசம் கரண்டி பிடித்திருக்கிறேன். நாற்பது வருஷமாக மீன் அறுக்கிறேன், எத்தனை ஆயிரம் மீன் கண்ணைப் பார்த்திருப்பேன், அதில் இன்னொரு உயிரின் பார்வைக்கு வேண்டியது இருக்கிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தப் பெண் பேசப் பேச எனக்குக் கை கூப்ப வேண்டும் போல இருந்தது. அப்புறம் அவள், போன பார்வை திரும்பாதும்மா, மிச்சத்தைக் காப்பாத்தலாம், நெஞ்சு வீங்கியிருக்கு, இன்னிக்கே மீனோ கறியோ ஆரம்பிச்சாத்தான் உயிர் தங்கும் என்றாள். மருந்து மட்டும் போதாதா என்று கெஞ்சினேன். மருந்தும் வேணும், சாப்பாடும் வேணும் என்றுவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ போனில் கம்பு இல்லாமல் அறைக்குள் நாலு எட்டு நடந்து காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? நான் அழுதேன், சந்தோஷம் என்று நினைத்தாய். ஒரு வாயும் தொடாது என்று வாக்குக் கொடுத்தவள் நான், ஆடிக்கு இன்னும் இரண்டரை மாசத்துக்கு மேல் இருக்கிறது. வாக்கை உடைத்து உன் காலுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? உடைக்காமல் இந்த வாயில்லாத ஜீவன் செத்தால்? மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டு மூன்று நாள் தள்ளினேன், அந்தப் பாவத்தையும் உன்னிடம் மறைக்கவில்லை. உன் அப்பா, பூனைக்கு மீன் போட்டா சாமி கோச்சிக்கினு போய்டுமா, இன்னாடி பேசுற என்று கத்தினார். அவருக்குத் தன் நாக்கு கவலை என்று நான் திருப்பிக் கத்தினேன். நாலாம் நாள் காலையில் தட்டைக் கீழே வைத்தேன். சத்தம் கேட்டு எழுந்து வந்தது. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், அது அந்தப் பக்கம் போய்ச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, சுவரை நிமிர்ந்து பார்த்து, என்னைக் கூப்பிட்டது. சோறு கேட்கும்போது கத்துமே, அந்தக் குரலில். சுவரை நான் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பூவம்மாவிடம் ஓடினேன், தடைக்காலத்தில் நாட்டுப் படகு மீன்தானே, அவள் கூடையில் நெத்திலிதான் இருந்தது. வாங்கி வந்து என் அடுப்பில், என் வீட்டுக்குள், உப்புப் போடாமல் வேகவைத்து முள் எடுத்துக் கையில் வைத்து நீட்டினேன். கண் தெரியாவிட்டால் என்ன, மூக்கு இருக்கிறதே. மூலையிலிருந்து நேராக வந்தது ரவி, ஒரு இடத்திலும் முட்டவில்லை. தின்று முடித்து என் விரல் நடுவிலெல்லாம் நக்கியது. பிறகு கோயிலுக்குப் போனேன். தாயே, அடுத்தவங்க வாயை எடுத்து நான் உனக்குக் குடுத்துட்டேன், அது என்னோடது இல்ல, திருப்பி எடுத்துக்குறேன், கோவம்னா என் வாய்க்கு இன்னொரு வருஷம் சேத்துக்கோ, என் புள்ள கால்ல மட்டும் கை வைக்காத என்று சொன்னேன். அன்று முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட்டு, மாடிப்படி ஏறிட்டேம்மா என்றாய். அம்மன் சொன்ன பதிலா, உங்கள் டாக்டர் வைத்த கம்பியா, எனக்குத் தெரியாது.

ஐந்து வாரம் ஆகிறது. நெத்திலிக்கு மூச்சு வாங்குவது நின்றுவிட்டது, நெஞ்சு இறங்கியிருக்கிறது என்று நவ்ரீன் சொன்னாள். பார்வை கால்வாசி இருக்கும் என்கிறாள். வாளியை நாங்கள் இப்போது இடம் மாற்றுவதில்லை, அதற்கு வழி மனப்பாடம். உன் பூனையின் கண்ணை உன் அம்மாதான் கெடுத்தாள், என்னைத் திட்டுவதானால் திட்டு. அப்பா வாயையும் அவிழ்த்துவிட்டேன், ஆள் முகத்தில் களை வந்துவிட்டது. என் வாய் மட்டும் ஆடி வரை அப்படியே, அது நானே எனக்குக் கட்டியது.

நேற்று பஷீர் வந்திருந்தான். டீ குடித்துக்கொண்டே, ரவியும் மீனு, கறி, முட்டை எதையும் தொடறதில்ல ஆன்ட்டி, அம்மா எனக்காவ வுட்டுட்டாங்க, நான் மட்டும் எப்டி துன்றதுன்னு பத்து மாசமா குப்பூஸ் ரொட்டியும் பருப்புந்தான், டாக்டர் எலும்பு கூட மெதுவா சேருதுன்னு திட்றாரு என்று சொல்லிவிட்டான். சொல்லாதே என்று நீ சத்தியம் வாங்கினாயாமே. கண்ணு, நான் வாக்குக் கொடுத்தபோது நீ இந்த வீட்டில் இல்லை, ஆனாலும் அந்த ஒரு வாய் உன்னுடையது என்று நீ எடுத்துக்கொண்டாய். பூனைக்காவது வேண்டாம் என்று சொல்லத் தெரியாது, நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

உன்னையும் அவிழ்த்துவிட்டேன், அம்மனிடம் சொல்லியாகிவிட்டது. நூறு வயசு நல்லபடி நடந்து திரி, அந்த மாடிப்படியைக் கைப்பிடி பிடித்தே ஏறு. பஷீரிடம் ஒரு பாட்டில் கருவாட்டுத் தொக்கு கொடுத்திருக்கிறேன். நான் ருசி பார்க்காமல் செய்தது, உப்பு சரியாக இருக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும். அவன் வந்து சேர்ந்த அன்றைக்கே மீன் வாங்கி வறுத்துத் தின்று, தின்ற தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. முள் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் காலையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா குப்பம்மா