கழுதை ராசனின் கடைசிப் பக்கம்

கழுதைக்கு என் பெயரை வைத்த என் அன்பு அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுத வழியில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. நீ உன் மகள் ஜெசிக்காகக் கீறிய, நூலகத்தைப் பற்றிய படப்புத்தகத்தை அச்சடிக்கப் போகிறோம். நீ வேலை பார்த்த நூலகத்தில் சிறுவர் பகுதி திறக்கிற அன்று பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை அச்சகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் படத்தைக் காணவில்லை. பென்சிலால் ஒரு வரி மட்டும் இருக்கிறது: "இப்போது எல்லோரும் நித்திரை." இப்படியா ஒரு வேலையை விட்டுவிட்டுப் போவது?

மற்றப் பக்கங்களையும் பார்த்தேன். கதிரைகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு தூங்குகின்றன. திகதி முத்திரை மைப்பெட்டிக்குள் சுருண்டு படுக்கிறது. அலுமாரி கொட்டாவி விடுகிறது. நித்திரை வராமல் ஒவ்வொன்றிடமும் போய் "நான் எங்கே படுக்கிறது?" என்று கேட்டுத் திரிகிற கழுதைக்குப் பெயர் ராசன். வேறு பெயரே கிடைக்கவில்லையா? அத்தான் இப்போது என்னைக் கண்டாலே, "ராசன் எண்டது கழுதையோ மச்சானோ?" என்கிறார். அதோடு நீ கீறிய காற்றாடிக்கு ஐந்து இறகு. நூலகத்தில் இருப்பதற்கு மூன்று. வயரிங் செய்தவன் நான், எனக்குத் தெரியாதா? திருத்தப் போனேன். ஜெசி அழிறப்பரைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

சரி, கடைசிப் படத்தையாவது முறையாகச் செய்வோம் என்று உட்கார்ந்தேன். எல்லோரும் நித்திரை என்றால் விளக்கு அணைந்திருக்கும். விளக்கு அணைந்தால் இருட்டு. பக்கம் முழுக்கக் கறுப்பு மையைப் பூசினேன். பத்து நிமிட வேலை. படுக்கை நேரத்தில் ஜெசிக்குக் காட்டினேன்.

"லைற்ற ஆர் நூத்தது?" என்றாள்.

"லைப்ரரியப் பூட்டுற ஆள்தான். வேலை முடிஞ்சா நூத்துப்போட்டுத்தானே போறது."

"அம்மா நூக்கிறேல்ல. இருட்டெண்டா ராசன் அழுவான்."

"கழுதை அழாது."

"கழுதை இல்ல, நீங்கள். காம்பில கரண்ட் போனா அம்மான்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு அழுறனீங்களாம்."

அத்தான் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். இராமேஸ்வரத்துக்கு அப்பாலே அகதி முகாமோடு விட்டுவிட்டு வந்த கதையை எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏன் சொன்னாய்?

ஜெசி சிரிக்கவில்லை. "இது அம்மான்ர புத்தகம் இல்ல" என்று மூடி என் மடியில் வைத்துவிட்டாள். அப்படிச் சொன்ன பிறகு அதை அச்சகத்துக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வருமா?

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். உன் இடத்தில் இப்போது உப்புக்குளத்து ரிஸ்வானா அக்கா இருக்கிறார். பழைய படம் ஏதும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறதா என்று கேட்டேன்.

"படம் ஒண்டும் இல்ல தம்பி. நீங்க வந்தது நல்லதாப் போச்சு. விறாந்தை லைற் ஏழு மணிக்குத் தானா நூருது. நீங்க பூட்டின ரைமர்தானே? இங்க படுக்கிற தெருக்கழுதையெல்லாம் கோயில் விறாந்தைக்குப் போயிட்டுது. பூசைக்குப் பேர் குடுத்திருக்கினமோ எண்டு பாதர் கேக்கிறார்."

நான் சிரிக்கத்தான் தொடங்கினேன். பிறகு நிமிர்ந்து அந்த பல்பைப் பார்த்தேன். அதற்கு நேர் எதிரே, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், உன் வீட்டு யன்னல். அதன் கீழேதான் ஜெசியின் பாய்.

நீ இருக்கும்போதே, விளக்கைத் தானாக அணைக்கிற அந்த ரைமரைப் பூட்ட வந்தேன், நினைவிருக்கிறதா? "விடியும் வரைக்கும் ஆருக்கு எரியுது இந்த பல்ப்?" என்றேன். "பாக்கிற ஆக்கள் இருக்கினம். நீ உன்ர வேலையப் பார்" என்று ஏணியோடு துரத்திவிட்டாய். நீ போன பிறகு ஏணியைப் பிடித்து மறிக்க ஆளில்லை. பூட்டிவிட்டேன். சிக்கனம் செய்ததாகப் பெருமையும் பட்டேன்.

அன்றிலிருந்து ஜெசி நேரத்துக்கு உறங்குவதில்லை. விடிய முன் கடலுக்குப் போகிற அத்தான் கண் சிவந்து திரிந்தார். பிள்ளை உன்னைத் தேடுகிறாள் என்றே எல்லோரும் நினைத்தோம். தேடினாள்தான். யன்னலில் விழுந்த வெளிச்சத்தையும் சேர்த்துத் தேடியிருக்கிறாள்.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்ல?" என்று ஜெசியிடம் கேட்டேன்.

"நீங்கள் கேக்கேல்லையே."

ஏணியைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குத் திரும்பினேன்.

ரைமரைக் கழற்றினேன். அன்று பொழுது பட்டதும் பல்ப் எரிந்தது, ஏழு மணி தாண்டியும் எரிந்தது. நான் விறாந்தைப் படியில் உட்கார்ந்து கறுப்புப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் ஜெசியின் பஸ்ரல் வண்ணத்தால் கீறத் தொடங்கினேன். அளவுகோல் கொண்டுபோகவில்லை. சற்று நேரத்தில் காது கிழிந்த கழுதை ஒன்று கோயில் பக்கமிருந்து வந்து, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, பல்புக்குக் கீழே சுவரோடு சாய்ந்து நின்றது. அதைப் பார்த்தே கீறினேன். கதிரை, அலுமாரி, முத்திரை எல்லாம் நித்திரை. மேலே மஞ்சள் பல்ப் மட்டும் விழித்திருக்கிறது.

கொண்டுபோய்க் காட்டினேன். ஜெசி விரலால் எண்ணிப் பார்த்தாள்.

"கழுதைக்கு அஞ்சு கால்."

"ஒண்டு வால், பிள்ளை."

"இல்ல, கால்தான்." கொஞ்சம் யோசித்தாள். "பறவாயில்ல. அம்மாவும் பிழை பிழையாத்தான் கீறுறவா. இது அம்மான்ர புத்தகம்தான். வாசியுங்கோ."

முதற்பக்கத்திலிருந்து வாசித்தேன். அலுமாரி கொட்டாவி விடுகிற இடத்தில் திரும்பிப் பார்த்தேன். நித்திரையாகிவிட்டாள். அத்தான் அவளுக்கு முதலே.

நாளைக்குப் புத்தகம் அச்சகத்துக்குப் போகிறது. ஐந்து இறகும் ஐந்து காலும் அப்படியே இருக்கும். பெயரையும் மாற்றச் சொல்லவில்லை. ரைமரை எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டருக்குப் பூட்டிவிட்டேன். அந்த பல்ப் எத்தனை தரம் எரிந்து போனாலும் அன்றைக்கே ஏணியோடு வந்து மாற்றுவேன், அக்கா. இது என் வாக்கு. இனி நீ துரத்த வேண்டியதில்லை.

சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு உறங்கிய
உன் தம்பி ராசன்