பூவாடைக்காரிக்கு ஒரு டூட்டூ

என் சிட்டு,

நேற்று உன் படையல் முடிந்தது. நீ போய் ஒரு வருஷம். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனாலும் நேற்று நடந்ததை நான் சொல்லாமல் வேறு யார் உனக்குச் சொல்வார்கள்? உன் வீட்டுக்காரரா? அவர் சேர்ந்தாற்போல் மூன்று வார்த்தை பேசி எத்தனை நாளாயிற்று.

விஷயம் உன் மகள் மலருடைய பாவாடைதான். பள்ளி ஆண்டு விழாவில் அவள் பாலே நடனம் ஆட, நீ வெட்டிப் பாதியில் விட்டுப் போனாயே, அந்த டூட்டூ. பத்து நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். போன வருஷம் அவள் ஆடவில்லை. இந்த வருஷம், "அம்மா வெட்டினதைப் போட்டுகினுதான் ஆடுவேன், பெரியம்மா" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

உன் நாத்தனார் கோமதி விடுவாளா? "அம்மா இல்லாத பொண்ணு. தொடை தெரிய மேடையில நின்னா ஊரு இன்னா சொல்லும்? கேக்க ஆளில்லன்னுதான் சொல்லும்" என்றாள். உன் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இல்லையென்றால் பெண்ணுக்குக் கால் கூட இருக்கக் கூடாதா, சிட்டு?

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உன் தையல் கடையில், போனைப் பார்த்துப் பார்த்து நீ எனக்குச் சொன்ன டூட்டூ கதை ஒன்றும் மறக்கவில்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரிகள் முதலில் தரையைக் கூட்டுகிற பாவாடையோடுதான் பாலே ஆடினார்களாம். பாதம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கிறவனுக்கே தெரியாதாம். ஒருத்தி துணிந்து, கணுக்கால் தெரிகிற மாதிரி வெட்டினாள். ஊரே வாயில் அடித்துக்கொண்டது.

அப்புறம் கெண்டைக்கால் வரைக்கும் மணி மாதிரி விரிந்த வெள்ளை மெல்லிசுத் துணி, மார்கழிப் பனி போல. மேடை விளக்கின் தீ பிடித்து எத்தனையோ பெண்கள் வெந்தார்கள். தீப்பிடிக்காத மருந்தில் முக்கித் தருகிறோம் என்றால், துணி விறைக்கிறது, நிறம் மங்குகிறது, வேண்டாம் என்றவர்களும் உண்டாம். "பைத்தியக்காரிங்க" என்றேன் நான். நீ சிரித்தாய்.

ஆட்டத்தில் கால் வேகம் பிடிக்கப் பிடிக்கப் பாவாடையும் ஏறியது. கடைசியில் இடுப்பிலிருந்தே தட்டையாக நீட்டிக்கொண்டு நின்றது. "அப்பளம் மாதிரி கீதுடி" என்றேன். "அதுலயே கம்பி வச்சது ஒண்ணு, கம்பி இல்லாம பொசுபொசுன்னு தொங்கறது ஒண்ணு, அக்கா. இப்ப சில பேரு பாவாடையே வேணாம்னு ஆடறாங்க" என்றாய். அன்றைக்குத்தான் பேச்சோடு பேச்சாக என் இடுப்பில் டேப்பைச் சுற்றினாய். "எதுக்குடி?" என்றால், "சும்மாக்கா. பெருத்துகினே போறியே, எவ்ளோன்னு பாக்கறேன்."

நீ வெட்டிய துணி இருந்த பையை இங்கே முள்ளிப்பட்டுக்கு எடுத்து வந்து நானே தைக்க உட்கார்ந்தேன். மலர் வளர்ந்திருந்தாள், இடுப்பில் இரண்டு விரல் தளர்த்தினேன். ஆனால் தைத்து முடித்தும் பாவாடை நிற்கவில்லை, துவண்டு தொங்கியது. தறிக்காரி புத்தி எங்கே போகும்? தறியில் பாவு நூலுக்குப் போடுகிற மாதிரி அரிசிக் கஞ்சியைப் போட்டுவிட்டேன். நைலான் நெட்டு கஞ்சி குடிக்குமா? காய்ந்ததும் மாவாக உதிர்ந்தது. மறுநாள் பார்த்தால் எறும்பு வரிசை. "பெரியம்மா, இதுல இட்லி ஊத்திடலாம்" என்று மலர் சிரித்தாள். ஒரு வருஷம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

அலசிக் காயப்போடும்போதுதான் நீ சொன்னது உறைத்தது. "குட்டை அடுக்கு அடியில, நீட்டு மேலக்கா. அடியில கீறதுதான் மேல கீறதத் தாங்கும்." நான் நம் உள்பாவாடைக் கணக்கில் தலைகீழாகத் தைத்திருந்தேன். பதினோரு அடுக்கையும் பிரித்தேன். திரும்பத் தைத்தேன். நின்றது, சிட்டு. பொரித்த அப்பளம் மாதிரி நின்றது.

அந்த வாரம்தான் கோமதி போன் செய்தாள். சுமங்கலியாகப் போனதால் நீ இனி அந்த வீட்டுச் சாமி, பூவாடைக்காரி. வருஷா வருஷம் உனக்குப் புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். "முதல் வருசத் துணி பொறந்த வூட்டுது. நீதான் கொண்டாரணும். படைச்சதைப் பெட்டியில பூட்டக் கூடாது, வூட்டுப் பொண்ணு அன்னிக்கே உடுத்தணும். முறை தவறிடாதக்கா" என்றாள். நான் ஏன் தவறப் போகிறேன்?

என் தறிப் பட்டு வரும் என்றுதான் எல்லாரும் காத்திருந்தார்கள். நான் டூட்டூவைத் தாம்பாளத்தில் வைத்தேன். தட்டை மீறி நாலு பக்கமும் விரிந்தது. மேலே மஞ்சளும் மல்லிப்பூவும் வைத்தேன். கற்பூரம் காட்டி முடிக்கிறவரை கோமதி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது, சாமி துணியா, கொசுவலையா?"

"அவ கையால வெட்டினது. பொறந்த வூட்டுத் துணி."

"இதைப் போட்டா காலு தெரியுமே!"

"உள்ள முழுக்கால் லெக்கின்ஸ் கீது. காலு தெரியுதுன்னு இருநூறு, முந்நூறு வருசமா கத்திகினுதான் கீறாங்க. பாவாடை ஏறிகினேதான் வந்துது. நீ சொன்ன முறைதானே கோமதி? படைச்சாச்சு. பூட்டக் கூடாது. வேணாம்னு சொல்றதுன்னா நீயே பூவாடைக்காரிகிட்ட சொல்லு."

அப்போது உன் வீட்டுக்காரர் தரையிலிருந்து கண்ணை எடுத்தார். "மலரு, எடுத்துப் போட்டுக்கோ" என்றார்.

போட்டுக்கொண்டு வந்து உன் படத்துக்கு முன்னால் நுனிக்காலில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் ஓடிப்போய்க் குத்துவிளக்கைத் தள்ளி வைத்தேன். வெந்துபோன அந்தப் பெண்களை நான் மறக்கவில்லை. கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் முதுகில் கொக்கி கழன்றபோது மாட்டிவிட்டது அவள் கைதான். அதையும் சொல்ல வேண்டுமில்லையா?

சனிக்கிழமை விழா. முதல் வரிசையில் உட்காருவேன். பின்னால் யாராவது முணுமுணுத்தால் திரும்பிப் பார்ப்பேன். என் பார்வை உனக்குத் தெரியும்.

இன்னொன்று. உன் பையின் அடியில் வேறொரு துணிச் சுருள் இருந்தது. அதே வெள்ளை நெட்டு, ஆனால் நீட்டு, கெண்டைக்கால் வரைக்கும், பழைய மணி மாதிரி. குண்டூசி குத்திய சீட்டில் இடுப்பு முப்பத்தாறு என்று உன் எழுத்து. அது மலர் அளவு இல்லை. உன் அளவும் இல்லை. அதையும் தைப்பேன், சத்தியமாகத் தைப்பேன். கஞ்சி போட மாட்டேன்.

தறிக்குழியை விட்டு எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறவள் நான். என்னை எந்த மேடையில் நிறுத்திப் பார்த்துக்கொண்டு அதை வெட்டினாய், சிட்டு?

உன் கூடப்பிறந்தவள்,
முள்ளிப்பட்டு அக்கா