கலவை மீட்டர் காட்டிய பதினொன்று

1953 ஜூன் 8, திங்கள். மார்த்தாண்டம்

விடிந்ததிலிருந்து மழை. பட்டறைக் கூரை மூன்று இடத்தில் ஒழுகல். வாளி இரண்டுதான். மூன்றாவதுக்கு வீட்டுக்காரி ஞானம்மா குழம்புச் சட்டியைத் தந்தாள். "கிரீஸ் மணம் வந்துதுண்ணா நீங்கதான் அந்தக் குழம்பக் குடிக்கணும், கேட்டியளா?"

குலசேகரம் டாக்டரம்மாவின் கார் வந்தது. ரப்பர் தோட்டங்களுக்குப் பிரசவம் பார்க்கப் போகிற வண்டி. முன்பு ஒரு காலன் பெட்ரோலுக்கு இருபத்தெட்டு மைல் ஓடியது, இப்போது பதினெட்டைத் தாண்டவில்லை. டாக்டரம்மா நேராகவே கேட்டுவிட்டார். "மேஸ்திரி, பெட்ரோலக் குடிக்கியது காரா, தங்கய்யனா? சனிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும்."

தங்கய்யன் அவருடைய டிரைவர். அவர் கேட்டபோது பக்கத்திலேயே நின்றான். காரிலிருந்து பெட்ரோலை ஊற்றி எடுத்து விற்கிறான் என்று கம்பவுண்டர் அவர் காதில் போட்டிருக்கிறார். காரில் குறை இல்லை என்றால் அவனுக்கு வேலை இல்லை.

நான் சொன்னது: "கார்புரேட்டர்ல குறை வராது டாக்டர். மார்ச் மாசம் நானே கழத்திப் பூட்டினதாக்கும்." தங்கய்யன் என்னை ஒரு தடவை பார்த்தான். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

காரை விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில் போனார்கள். பிளக் நாலும் கரி. குளிரில் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை டிரைவர் இழுத்துவிட்டு மறந்தாலும் கரிதான், பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் கரிதான். கரியைப் பார்த்து ஒருவன் வேலையில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஜூன் 9, செவ்வாய்

தூறல். கடிதம் போட்டுப் பத்து நாள் ஆகிறது, இன்றுதான் திருவனந்தபுரத்து மோட்டார் சாமான் ஏஜெண்ட் வந்தார். இரண்டு சாமான். சனிக்கிழமைவரை வைத்துப் பார்க்கலாம், ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்ப வேண்டும்.

1. வாக்குவம் கேஜ். உள்ளங்கை அகல வட்டம், பித்தளை. என்ஜின் எவ்வளவு வலுவாகக் காற்றை உறிஞ்சுகிறது என்று காட்டும். கீழே போட்டாலும் உடையாது. பார்த்ததுமே பிடித்துவிட்டது.

2. மிக்ஸ்சர் மீட்டர், அதாவது கலவை மீட்டர். மரப்பெட்டி, கண்ணாடி முகம், நீளமான ரப்பர் குழாய், கையால் அமுக்குகிற பம்பு. குழாயைச் சைலன்சர் வாயில் செருகினால், பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று எத்தனை பங்கு என்று முள் காட்டும். விலையைச் சொன்னதும் ஞா. சிரித்தாள்.

எரிந்து முடிந்து வெளியே வந்த புகையை வைத்து, உள்ளே போனது என்ன என்று ஒரு முள்ளுக்கு எப்படித் தெரியும்? எச்சில் இலையைப் பார்த்துச் சமையல் பக்குவம் சொல்வதுபோல் அல்லவா இருக்கிறது. ஏஜெண்டைக் குடைந்தேன். உள்ளே மயிர்போல் கம்பிகள். ஒன்று காற்றில், ஒன்று புகையில். பேட்டரி இரண்டையும் சூடாக்கும். புகையின் தன்மைக்கேற்ப அந்தக் கம்பி கூடவோ குறையவோ ஆறும். அந்த வித்தியாசம்தான் முள்ளை நகர்த்துகிறது. அவருக்கும் இதற்குமேல் தெரியவில்லை. "கூடுதல் அறியணும்னா கம்பெனிக்கு எழுதிக்கோ மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போனார்.

அவர் போனதும் குழாயில் என் மூச்சை ஊதினேன். முள் அசைந்தது! பிறகு அடுப்படியில் போய் விறகுப் புகையில் பிடித்தேன். அங்கேயும் அசைந்தது. ஞா. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்க அடுப்புக்கு எத்தன மார்க்கு?" என்றாள்.

ஜூன் 10, புதன்

காலையில் வெயில். முதலில் வாக்குவம் கேஜ். முள் பதினேழில், லேசான ஆட்டம். பதினெட்டு, இருபது இருக்க வேண்டும். வால்வு கோளாறோ, ஸ்பார்க் தாமதமோ, கலவையோ, எதுவாகவும் இருக்கலாம். காய்ச்சல் இருக்கிறது என்கிறது, என்ன காய்ச்சல் என்று சொல்லவில்லை.

பிறகு மிக்ஸ்சர் மீட்டர். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சோக் முழுக்கத் திறந்து, நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். பதினொன்று. குறைந்தது பதின்மூன்று காட்ட வேண்டும். அப்படியென்றால் பெட்ரோல் அளவுக்குமேல் போகிறது.

மீட்டர் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினேன். பெட்ரோலும் காற்றும் கலக்கிற இடம் என் கார்புரேட்டர் அல்லவா. புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து முள் தப்பாகக் காட்டும் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். தேடினேன். சைலன்சருக்கு முன்னால் ஒரு கீறல் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

பக்கத்து ரப்பர் ஷீட் கடையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய ரப்பர் பால் வாங்கி, துணியில் முக்கிச் சுற்றினேன். இந்த ஊரில் எல்லா ஓட்டைக்கும் அதுதான் மருந்து. குடை, செருப்பு, தண்ணீர் வாளி. என்ஜின் சூடேறியதும் கருகி நாறியது பார், தெருவில் போனவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். "ஆருக்க வீட்டுல சாவு?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் கயிறும் களிமண்ணும் வைத்துக் கட்டினேன். நாளைக்குக் காயும்.

ஜூன் 11, வியாழன்

கீறல் அடைபட்டது. மறுபடியும் பதினொன்று.

சந்தைக்கு வந்த வக்கீலின் காரை நிறுத்திக் கேட்டுக்கொண்டு குழாயைச் செருகினேன். பதின்மூன்று. மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் பதின்மூன்று. மீட்டரில் குறை இல்லை.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். சாயங்காலம் கார்புரேட்டரைத் திறந்தேன்.

மிதவை அறையின் மூடி விளிம்பில் மஞ்சளாக, கொழகொழவென்று ஏதோ. மூக்குச்சளிபோல் இழுபட்டது. அதில் ஒரு துண்டு ஊசி வால்வின் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. ஊசி மூடவில்லை. பெட்ரோல் நிற்காமல் உள்ளே வழிந்திருக்கிறது, மூன்று மாதமாக.

ரப்பர் பால். நான் வைத்தது. மார்ச்சில், கசியாமல் இருக்க மூடிக்கடியில் வைக்கிற பழைய கேஸ்கெட் கிழிந்துபோயிருந்தது. புதுசு வாங்க நாகர்கோவில் போக வேண்டும். சோம்பல். கிழிந்ததன்மேல் ரப்பர் பாலைத் தடவி மூடினேன். பெட்ரோலில் ரப்பர் கரையும் என்று தெரியாதா? சைக்கிள் டியூப் ஒட்டுகிற சொல்யூஷனையே ரப்பரைப் பெட்ரோலில் ஊறவைத்து நானேதான் காய்ச்சுகிறேன்! வலது கைக்குத் தெரிந்தது இடது கைக்குத் தெரியவில்லை.

ஞா. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அதக் கழுவீட்டு மூடினா ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். எனக்கு யோசனை சொன்னாளா, என்னை ஆழம் பார்த்தாளா, தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

துண்டைத் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 12, வெள்ளி

கனமழை. மழையிலேயே நாகர்கோவில் போய்ப் புதுக் கேஸ்கெட் வாங்கிவந்து போட்டேன். பதின்மூன்று. ஓட்டிப் பார்க்க வேண்டும், மழை விடவில்லை. குலசேகரத்துக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. எப்படியும் நாளைக்கு வருவார்கள், இன்று சொன்னால் என்ன, நாளை சொன்னால் என்ன. எப்படிச் சொல்வது என்று மட்டும் நாலைந்து விதமாக யோசித்தேன். ஒரு விதத்தில் எல்லாம் தூசியால் வந்தது. இன்னொன்றில் பழைய கேஸ்கெட்டால் வந்தது. எதிலுமே நான் இல்லை.

மாலையில் வாக்குவம் கேஜைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். பார்க்க அழகு.

ஜூன் 13, சனி

வானம் வெளுத்தது. டாக்டரம்மாவும் தங்கய்யனும் பஸ்ஸில் வந்தார்கள். தங்கய்யன் சவரம் செய்யவில்லை. தீப்பெட்டியைத் திறந்து டாக்டரம்மா கையில் கொடுத்தேன். "நான் வச்சதாக்கும். அவன் ஒரு சொட்டு எடுக்கல்ல." யோசித்து வைத்த நாலு விதமும் மறந்துபோயிற்று.

டாக்டரம்மா அதை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு தங்கய்யனிடம், "எனக்கத் தப்பு. மன்னிக்கணும்" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம்.

தங்கய்யன் என்னிடம் கேட்டான். "எப்பம் கண்டீங்க அண்ணே?"

"வியாழக்கிழமை சாயங்காலம்."

"நேத்து காலத்த டாக்டரம்மைக்க வீட்டுமுன்னால பிள்ளையக் கொண்டு நிறுத்தி, அதுக்கத் தலைல கைவச்சு சத்தியம் செய்தேன் அண்ணே, நான் எடுக்கல்லண்ணு. எனக்க வீட்டுக்காரி அதக் கண்டுட்டா. பிள்ளையத் தூக்கிட்டு இரணியலுக்கு அம்ம வீட்டுக்குப் போயிட்டா." குரல் உயரவே இல்லை. காரை எடுத்துக்கொண்டு போனான்.

ஏஜெண்ட் வந்தார். வாக்குவம் கேஜைத் திருப்பிக் கொடுத்தேன், மிக்ஸ்சர் மீட்டரை வைத்துக்கொண்டேன். எது அழகு என்று கேட்டால் கேஜ்தான். ஆனால் இரண்டு நாள் நான் பொய் என்று அடித்துச் சொல்லியும் பதினொன்றிலிருந்து நகராதது மீட்டர்.

இரணியலுக்கு முதல் பஸ் எப்போது என்று விசாரித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் இரணியல். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். தங்கய்யன் மனைவி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பிள்ளை, மூன்று வயது இருக்கும், துருவலை அள்ளித் தின்றுகொண்டிருந்தது.

எல்லாம் சொன்னேன். ரப்பர் பால், வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை. அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

"அப்போ அவரு எடுக்கல்லண்ணு அண்ணனுக்கு உறப்பா தெரியும்?"

"தெரியும்மா."

"அண்ணனுக்குப் பிள்ளைகள் உண்டா?"

"ஒரு மக. ஏழு வயசு."

"அப்போ வீட்டுல போயி, மகளுக்கத் தலைல கைவச்சு அதச் சொல்லுவியளா?"

தெரிந்த உண்மை. கண்ணால் கண்டது. முள்ளும் காட்டியது. ஆனாலும் மடியில் இருந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"பாத்தியளா" என்றாள். "உண்மையானாலும் கை வராதுல்லா? எவ்வளவு நொந்திருந்தா அவருக்கு நேத்து முந்தினநாள் அந்தக் கை வந்திருக்கும்?"

துருவலைத் தட்டிவிட்டு எழுந்தாள். உள்ளே போய்ப் பிள்ளையின் சட்டைகளைத் துணியில் முடிந்துகொண்டு வந்தாள். குலசேகரத்துக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டாள்.