நெஞ்சுக்குள் இருந்த கம்பி

அப்பா,

என் நெஞ்சுக்குள் மூன்று வருடம் குடியிருந்த கம்பி இப்போது மேசைமேல் கிடக்கிறது. போன வாரம்தான் எடுத்தார்கள். வில்லாக வளைந்து, பளபளவென்று, இன்னும் மருத்துவமனை ஸ்பிரிட் வாசனையோடு இருக்கிறது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. இருந்திருந்தால் இதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, நம் ஊர் உலு திராம் முழுக்கத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருப்பீர்கள்.

பிறவியிலேயே உள்வாங்கிய நெஞ்சு எனக்கு. "மைலோ ஊத்திக் குடிக்கலாம்டா இதுல" என்று நீங்கள் சிரிப்பீர்கள். வெளியாள் யாராவது சிரித்தால் மட்டும் சும்மா விடமாட்டீர்கள். நான் கூன் போட்டே நடந்தேன். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் நீங்கள் அலகு குத்திக் காவடி எடுப்பீர்கள். நான் சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டுக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்வேன். படியேறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனோம்.

அந்த அம்மா படம் வரைந்து காட்டினார். இரண்டு பக்கமும் சின்ன வெட்டு, ஒரு பக்கம் கேமரா. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு முன்னால் கம்பியை நுழைத்துத் திருப்பினால் நெஞ்சு மேலே எழும்பும். வெட்டு சின்னது என்றதுமே நான் குஷியாகிவிட்டேன். நீங்கள் விடவில்லை.

"வெட்டு சின்னது, சரி. ஆபத்தும் சின்னதா டாக்டர்?"

"இல்ல சார். கம்பி இதயத்தை ஒட்டித்தான் போகும். பட்டுடுச்சுன்னா உயிருக்கே ஆபத்து. ரொம்ப அபூர்வம், ஆனா நடக்கவே நடக்காதுன்னு சொல்ல மாட்டேன்."

"அதான் கேமரா இருக்கேப்பா" என்றேன் நான்.

"நான் ஓட்டற ஸ்கூல் பஸ்லயும்தான் ரிவர்ஸ் கேமரா இருக்கு. நான் தூண்ல இடிக்கலயா?"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "அதனாலதான் எலும்பை மேல தூக்கிப் பிடிச்சு, இடம் பண்ணிக்கிட்டு மெதுவா நுழைப்போம்."

"அப்படியும் ஏதாவது ஆச்சுன்னா யாரு பார்ப்பாங்க?"

"நெஞ்சைத் திறந்து சரி பண்ற டீம் பக்கத்துலயே ரெடியா இருக்கும் சார்."

அதைக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டீர்கள். அப்படியும் அறுவை நடந்தபோது வாங்கிய தே தாரிக் டீயை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லையாம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் குட்டு உடைந்தது. "அடுத்து என்ன பிளான்?" என்று டாக்டர் சும்மா கேட்க, "அலகு குத்திக் காவடி எடுக்கப் போறான் டாக்டர். முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்" என்றீர்கள் பெருமையாக.

"அலமாக்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் அந்த அம்மா. "பாரம் தூக்கினா கம்பி நகர்ந்துடும் சார். குத்தின ஓட்டை வழியா கிருமி உள்ள போனா கம்பியையே எடுக்க வேண்டி வரும். கம்பி இருக்கற வரைக்கும் அந்தப் பேச்சே வேணாம்."

ஒரு வேண்டுதலும் தவறாதவர் நீங்கள். குத்திக்கொள் என்று நீங்கள் சொல்லியிருந்தால் மறுக்க எனக்குத் தைரியம் இருந்திருக்காது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: "முருகனுக்குக் காத்திருக்கத் தெரியும்டா. கிருமிக்குத் தெரியாது."

அடுத்து வந்த தைப்பூசத்தில்தான் முதல்முறையாகச் சட்டையில்லாமல் உங்கள் பக்கத்தில் வெறுங்கையோடு நடந்தேன். "பையனுக்கு அலகு இல்லயா?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "அவனுக்கு உள்ளயே குத்தியாச்சு லா!" என்றீர்கள். சிரித்த சிரிப்பில் எனக்கு விலா சுருக்கென்றது.

போன வாரம் டாக்டரிடம் கேட்டேன். தைப்பூசத்துக்கு இன்னும் பல மாதம் இருக்கிறது, காயம் நன்றாக ஆறிவிட்டால் அலகு குத்திக் காவடி எடுக்கலாம் என்றார். நேற்று, உங்களுக்கு அலகு குத்திவிடும் மாமாவைப் போய்ப் பார்த்தேன்.

"ஊசியெல்லாம் எப்படி மாமா சுத்தம் பண்ணுவீங்க? ஏதாவது ஆச்சுன்னா யாரு பார்ப்பாங்க?"

மனுஷர் முறைத்தார். பிறகு, "அப்படியே உங்கப்பன்டா நீ" என்று தோளைத் தட்டினார். அங்கேயே அழுதுவிட்டேன், அப்பா.

உங்கள் காவடியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். மயிலிறகு மட்டும் புதிதாக வாங்க வேண்டும். கம்பிக்குச் சந்தனமும் வைத்தாயிற்று. முருகன் காத்திருந்தான். நீங்கள்தான் அவசரப்பட்டுவிட்டீர்கள்.