கோடைக் கேணியை அழியாது நிறுத்துமாறு விடுத்த ஓலை

குன்றும் ஆறும் குடிகளும் நலமே நிலைபெறுக! கடல் கடந்து சென்றிருக்கும் கோவேந்தர் மாவளத்தார் இனிதே மீள்க! வெண்குன்ற நாட்டின் பேரமைச்சனும், ஆட்டத் தேர்வு அவையில் முதல் இருக்கைக்கு உரியவனுமாகிய கொற்றன், ஓடத்துறைக் கோட்டத்தைக் காத்து நிற்கும் ஏனாதி வெண்ணாகனார் திருமுன் விடுக்கும் ஓலை. உமது கோட்டத்து ஏரிகள் நிறைக. உமது இல்லத்தார் நோயின்றி வாழ்க. மரபில் உள்ள வாழ்த்துகள் பதினாறு. காலம் இல்லாமையால் மற்றவை விடப்பட்டன. அவமதிப்பென்று கொள்ள வேண்டா.

குதிரையில் வரும் வீரர் இவ்வோலையை நீட்டும் இடத்திலேயே, நின்ற நிலையிலேயே, நீர் இதைப் படித்தல் வேண்டும். நாளை உச்சிப்பொழுதில் நல்லினி என்னும் பெண்மணி உமது கோட்டைக்கு வந்து தமது கணிப்பொறியை ஒப்படைப்பார். அதில் இருக்கும் ‘கோடைக் கேணி’ என்னும் ஆட்டத்தை அழிக்கவும், அவருடைய ஆக்க உரிமைப் பட்டயத்தை முறிக்கவும் முன்னரே உமக்கு ஆணை வந்திருக்கும். அவ்வாணையைச் செய்யாது நிறுத்துக என்பதே இவ்வோலையின் செய்தி. இதைக் கணிப்பொறி வழியாகவே கணத்தில் அனுப்பியிருக்கலாமே என்று நீர் நினைப்பீர். ஓலையில் வராத சொல்லை இந்நாட்டில் எந்தக் கோட்டைத் தலைவரும் ஆணையாகக் கொள்வதில்லை. அந்தச் சட்டத்தை எழுதியவனும் கொற்றனே.

நடந்ததைச் சொல்லாமல் ஆணையை மட்டும் அனுப்பினால் உமக்கு ஐயம் எழும். ஆதலின் சொல்லப்படுகிறது.

ஆண்டு முழுதும் நம் நாட்டில் ஆக்கப்படும் கணிப்பொறி ஆட்டங்கள், மக்கள் கைக்குச் செல்லுமுன் அவைக்கு வருவது வழக்கம். அவையோர் ஐவரும் ஒவ்வோர் ஆட்டத்தையும் ஆளுக்கு ஒரு நாழிகை ஆடிப் பார்த்து, தலைசிறந்தது ஒன்றையும் கடைப்பட்டது ஒன்றையும் தேர்ந்து முரசறைவர். சிறந்ததை ஆக்கியவருக்குப் பட்டும் பரிவட்டமும் உண்டு. கடைப்பட்டதோ சுவடின்றி அழிக்கப்படும். அதை ஆக்கியவர் தம் வாழ்நாளில் இன்னோர் ஆட்டம் ஆக்கலாகாது. குப்பை பெருகாதிருக்க முன்னோர் செய்த நல்லேற்பாடு இது என்று கொற்றன் மேடைதோறும் மார்தட்டிப் பேசியிருக்கிறான்.

இவ்வாண்டு முப்பத்தோர் ஆட்டங்கள் வந்தன. அவற்றுள் ‘வாகைத் தேர்’ சிறந்ததென்று அறிவிக்கப்பட்டதை நீர் கேட்டிருப்பீர். அதில் ஆடுபவர் தேரேறிச் செல்வார். எதிர்ப்பட்டோர் எல்லாரும் வீழ்வர். பத்து அடிக்கு ஒருமுறை சங்கு முழங்கும். கொற்றன் தனக்குரிய நாழிகைக்குள் ஏழு நாடுகளை வென்று ஒன்பது பட்டங்களைப் பெற்றான். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நல்ல ஆட்டம் என்று எழுதிக் கையொப்பமிட்டான். பொய்யாக எழுதவில்லை, அந்நேரத்தில் அப்படித்தான் தோன்றியது.

‘கோடைக் கேணி’ அதற்கு அடுத்து வந்தது. வறண்ட ஊர் ஒன்று. ஆடுபவரே அவ்வூர்த் தலைவர். ஊரார் ஒவ்வொருவராக வந்து தம் குறையைச் சொல்வர். ‘கேட்கிறேன்’ என்று ஒரு விசை, ‘பிறகு வா’ என்று ஒரு விசை. தொடக்கத்தில் வேறு ஒன்றும் இல்லை. ஒருமுறை செய்தது செய்ததுதான்; பின்னோக்கிப் போக வழியில்லாமல் ஆக்கப்பட்டது அது. தேரும் சங்கும் இல்லாத அந்தப் புழுதித் தெருவைக் கண்டதும் கொற்றனுக்குக் கொட்டாவி வந்தது. தன் நாழிகையை முடித்து எழுந்தான். அவனுக்குப் பின் நால்வர் அமர்ந்தனர். நால்வரும் வெற்றுத் தெருக்களில் நடந்தார்கள், மூடிய கதவுகளைத் தட்டினார்கள், எவரும் எதிர்ப்படவில்லை. ஆளே இல்லாத ஊரை வைத்துக்கொண்டு அவையின் பொழுதை வீணாக்கிய ஆட்டம் என்று ஐவரும் ஒருமுகமாகத் தீர்ப்பெழுதினர். நேற்று முரசறையப்பட்டது.

அழிக்கப்படும் ஆட்டத்தின் குறிப்பைப் பொறியிலிருந்து ஓலையில் பெயர்த்தெழுதி, முதல் இருக்கைக்கு உரியவன் படித்து முத்திரையிட வேண்டும் என்பது விதி. எந்த விசை எப்போது அழுத்தப்பட்டது என்பதெல்லாம் அக்குறிப்பில் இருக்கும். படிக்காமலே முத்திரையிடுவது கொற்றனின் வழக்கம். இன்று காலை அரக்கு உருகத் தாமதமானது. சும்மா இருப்பானேன் என்று படித்தான்.

அவன் ஆடிய அந்த ஒரு நாழிகையில் பதினேழு முறை அவன் வாசலுக்கு ஆள் வந்திருந்தது. முதலில் வந்தவள் நிறைமாதக்காரி. “கேணியில தண்ணி ஊறலைங்க, ஒரு நடை வந்து பாருங்க” என்று அவள் சொன்னதாகக் குறிப்பில் இருந்தது. அதன் கீழே, ‘பிறகு வா.’ அடுத்து ஒரு குயவர், ‘பிறகு வா.’ மாடு செத்துப்போனதைச் சொல்ல வந்த அண்ணன் தம்பி இருவர், ‘பிறகு வா.’ இப்படியே கீழே கீழே இறங்கிற்று. பதினேழாவதாக வந்தவள் அதே நிறைமாதக்காரி. “இன்னொரு தடவை கேட்கக் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா வேற யார்கிட்டப் போறது?” என்றிருக்கிறாள். அவளுக்கும் அதே விடைதான். அதற்கு மேல் நான்கு நாழிகைக்குக் குறிப்பில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது: எவரும் வரவில்லை.

ஏனாதியாரே, அந்தப் பெண் சொன்னதை அவன் அன்று படிக்கவே இல்லை. எழுத்து திரையில் தோன்றியதும் விரல் தானாகப் போய்விட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் பேரமைச்சன் கூடத்தில் அமர்ந்து பழகிய விரல் அது.

நால்வரும் ஏன் புதிய படி வரவழைத்துத் தொடங்கவில்லை என்று நீர் கேட்கலாம். மூத்தவர் தொடங்கியதை விட்டு இளையவர் வேறாகத் தொடங்கலாகாது என்பது அவையின் மரியாதை. முன்னவர் எழுந்த இடத்தில் பின்னவர் அமர்ந்து தொடர்வார். தேரோட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. அவையில் இளையவரான மருதியாரை இன்று அழைத்துக் கேட்டபோது, இவ்வூரில் ஏதோ நடந்திருக்கிறது, புதிய படி பெற்று முதலிலிருந்து ஆடிப் பார்க்கலாமா என்று கேட்க அன்றே தாம் வாயெடுத்ததாகவும், பேரமைச்சன் திரும்பிப் பார்த்த பார்வையில் கேள்வியை விட்டு இருக்கையில் அமர்ந்து ஆடத் தொடங்கிவிட்டதாகவும் அவர் சொன்னார். சொல்லும்போது அவர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்பு கொற்றன் தன் கூடத்துக்குச் சென்று, மனுக்கள் போட்டு வைக்கும் கூடையைத் தானே கவிழ்த்துத் தேடினான். நல்லினியாரின் மனுக்கள் மூன்று கிடைத்தன. மூன்றும் பிரிக்கப்படவில்லை. முதல் மனு ஆட்டம் அவைக்கு வந்த நாளில் எழுதியது: ஒவ்வொருவரும் தனித்தனியே தொடங்கினால்தான் ஊர் உயிரோடிருக்கும், ஐந்து படிகள் கொண்டுவர இசைவு வேண்டும் என்றிருந்தது. இரண்டாவது, இசைவு கிடைக்காமையால் நினைவூட்டியது. மூன்றாவதை முரசு ஒலித்த பிறகு, ஊருக்குப் புறப்படுமுன் எழுதியிருக்கிறார். தீர்ப்பை மாற்றுமாறு அதில் அவர் கேட்கவில்லை. “ஊர் எந்த இடத்தில் காலியானது என்று மட்டும் சொல்லுங்கள். தவறு என்னுடையதா என்று தெரிந்துகொண்டு போகிறேன்” என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுக் கொற்றன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவையைக் கூட்டி உண்மையைச் சொன்னான். மருதியார் நீங்கலாக மற்ற மூவரும், அறைந்த முரசு அறைந்ததுதான் என்றனர். அவருள் ஒருவர், அப்படியே திரும்ப ஆடிப் பார்த்தாலும் அது சிறந்த ஆட்டமாகவா இருந்துவிடப் போகிறது, ஓர் ஆட்டம் குறைந்தால் நாடு குறைந்துவிடுமா என்று கேட்டார். ‘கோடைக் கேணி’ நல்ல ஆட்டமா, பொல்லாத ஆட்டமா என்று கொற்றனுக்குத் தெரியாது. இந்நாட்டில் எவருக்கும் தெரியாது. கேணியில் நீர் ஊறுமா, அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறக்குமா என்பதெல்லாம் ஆக்கியவர் ஒருவரே அறிவார். அவையில் உள்ள படி பாழ்பட்டுவிட்டது; கெடாத படி அவருடைய பொறியில் உள்ள ஒன்றே. அதைத்தான் நாளை உமது கையால் அழிக்கச் சொல்லியிருக்கிறோம்.

முரசறைந்த தீர்ப்பை மாற்றக் கோவேந்தர் ஒருவருக்கே உரிமை. அவர் கப்பல் கரை சேர இன்னும் இருபது நாள். இடையில் மாற்றத் துணியும் அமைச்சனின் பதவி, அவன் குற்றம் அவையில் படிக்கப்பட்ட கணமே பறிபோகும். இவ்வோலையின் படி ஒன்றைக் கொற்றன் நாளை உச்சிப்பொழுதில் தானே அவைமுன் வைப்பான். அதுவரை அவன் பேரமைச்சன். அதுவரை அவன் முத்திரை செல்லும். அதற்குக் கீழ்ப்படிந்த உம்மீது எவரும் குற்றம் சாற்ற இயலாது. இதை மட்டும் அவன் பலமுறை சட்ட ஏட்டைப் புரட்டி உறுதி செய்துகொண்டான். பதவி போவதில் வருத்தமில்லை என்று எழுத ஆசைதான். வருத்தம் இருக்கிறது.

ஆகவே ஆணை:

நல்லினியாரின் கணிப்பொறியில் எவரும் கை வைக்கலாகாது. பட்டயத்தை அவரிடமே திருப்பித் தருக. கோட்டை வாயிலில் அவரை நிற்க வைக்காமல், நீரே எதிர்சென்று அழைத்து இருக்கை தருக. ஊர் காலியான இடம் பதினேழாம் மனு என்றும், தவறு அவருடையது அன்று என்றும், வேறு எதையும் சொல்லுமுன் சொல்லுக. கோவேந்தர் மீண்டபின் ஐவரும் தனித்தனியே ஆடிப் பார்க்க வேண்டும் என்று மருதியார் முறையிடுவார். அப்போது தம் ஆட்டத்தை அனுப்புவதும் அனுப்பாததும் நல்லினியாரின் விருப்பம். அவர் சினந்து ஏசினால் குறுக்கே பேசாமல் கேட்டு, ஒரு சொல்லும் குறையாமல் எழுதி மருதியார் வழியாகக் கொற்றனுக்கு அனுப்புக. பேரமைச்சர் மாளிகைக்கு அனுப்ப வேண்டா; நாளைக்குப் பின் அவன் அங்கே இருக்க மாட்டான்.

இவ்வாறு, வெண்குன்ற நாட்டு மும்மலை முத்திரையை அரக்கில் பதித்து, பேரமைச்சன் கொற்றன் தன் கையாலே எழுதியது. மருதியார் சான்று.

உச்சிப்பொழுதுக்கு முன் உம் கை சேர்ந்தால் இது ஆணை. பிந்திச் சேர்ந்தால் இது ஒரு குடிமகனின் மனு. கூடையில் போட்டுவிடாமல் படித்துப் பார்க்க வேண்டுகிறான்.