உறைந்துபோன ஸ்கேன் மருந்தும் செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சையும்

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி,
பன்னிரண்டாம் படுக்கையின் துணையாள்,
ஆண்கள் பிரிவு, மூன்றாம் மாடி.

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்பாளர் அவர்கள்,
மருத்துவமனை நிர்வாக அலுவலகம், தரைத்தளம்.

பொருள்: ஸ்கேனுக்காக என் கணவருக்கு ஏற்றப்பட்ட மருந்து உறைந்திருந்தது குறித்தும், ஈரல் அறுவை சிகிச்சைக்கு முன் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கட்டில் ஓரத்தில் மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்தருள வேண்டும்.

1. வயிற்றுவலி என்று சேர்க்கப்பட்ட என் கணவரைப் புதன்கிழமை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அழைத்துப் போனார்கள். படம் தெளிவாகத் தெரியப் புதிய மருந்து ஒன்றை நரம்பில் ஏற்றுவதாக அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகவே விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகளாம். யாரும் உருட்டுவதில்லையாம், சரியான பக்குவத்தில் கலந்தால் தாமாகவே ஒன்றுசேர்ந்து உருண்டையாகிவிடுமாம். ஈரலில் கெட்ட கட்டி இருந்தால் அதில் போய்த் தங்கி, படத்தில் வெள்ளையாகத் தெரியுமாம். "அப்போ எனக்குள்ள சீரியல் லைட் போடப் போறீங்கன்னு சொல்லுங்க" என்றார் என் கணவர். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

2. அவருடைய கைக்கடிகாரம், பெல்ட், சாவிக்கொத்து எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்து, ஊசி போடும் அறையின் ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள். அதனால்தான் நான் பார்க்க நேர்ந்தது. ஊசி போடும் தம்பி ஃபிரிட்ஜைத் திறந்தார். முன்பக்கம் முழுக்க ஊழியர்களின் தண்ணீர் பாட்டில்கள். அவற்றுக்கு இடம்விட்டு மருந்துப் பெட்டியைப் பின்னால் தள்ளியிருந்தார்கள். பனி படிந்த சுவரோடு ஒட்டிக் கிடந்ததை அவர் பிய்த்துத்தான் எடுத்தார். பெட்டியின் மேல் நட்சத்திரம் மாதிரிப் பனிப்பூ ஒன்றை வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தது. குப்பியைச் சாய்த்தார், மருந்து அசையவில்லை. வெந்நீர்க் குழாயில் காட்டி, இருமல் மருந்தைக் குலுக்குவதுபோல் நன்றாகக் குலுக்கினார். "என்னப்பா, கட்டியா இருந்துச்சே?" என்று கேட்டேன். "அதான் உருகிடுச்சேம்மா, ஒண்ணும் ஆகாது. பழைய மருந்தையும் இங்கதான் வெச்சிருந்தோம்" என்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. ஏற்றிவிட்டார்.

3. சனிக்கிழமை முடிவு வந்தது. ஈரலின் வலப்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் கூட்டமாகத் தெரிகின்றனவாம். அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை காலை என்று பெரிய டாக்டர் சொன்னார். மருந்து உறைந்திருந்ததைச் சொன்னேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்மா, நீங்க குழப்பிக்காதீங்க" என்று அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். டாக்டரம்மா விடுப்பில் இருக்கிறார்.

4. வார்டு சிஸ்டரிடம் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். உறைய விடக்கூடாது, உறைந்தால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், அதைக் கொட்டிவிட வேண்டியதுதான் என்றார். ஏன் கேட்கிறேன் என்று புரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு என் பக்கம் வருவதில்லை.

5. ஐயா, படத்தில் தெரிவது நோயா, ஒட்டிப்போன மருந்தா? இது தெரியாமல் ஒரு மனிதனின் ஈரலை வெட்டலாமா? தாமாகச் சேருகிற பொருள் என்றார்களே, அது உள்ளே இன்னும் எங்காவது சேர்ந்துகொண்டிருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது. அவர் கண்ணயரும்போதெல்லாம் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்க்கிறேன். "இன்னும் சர்வீஸ்லதான் இருக்கேன், போய்ப் படு" என்று லிஃப்ட்டைச் சொல்வதுபோல் சொல்கிறார். அவருக்கும் பயம்தான். சாப்பாட்டைத் தொடுவதே இல்லை.

6. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் நினைப்பது தப்பாகி, அது நிஜமாகவே நோயாக இருந்துவிட்டால், நாள் கடத்திய பாவம் என்னைத்தான் சேரும். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. பார்க்கத் தெரிந்தவர்கள் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை.

7. ஆகவே, அறுவை சிகிச்சையை நிறுத்திவைத்து, முன்பு வழக்கமாகப் போட்டுவந்த பழைய மருந்தைக் கொண்டு அவருக்கு மறுபடி ஸ்கேன் எடுக்க உத்தரவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தம்பியை வேலையை விட்டு அனுப்பிவிட வேண்டாம். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அந்த ஃபிரிட்ஜை இன்றைக்கே யாராவது போய்ப் பார்க்க வேண்டும். நாளைக் காலையிலும் அதிலிருந்து எடுத்து யாருக்கோ ஏற்றுவார்கள்.

8. அறுவை சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். துணையாள் என்ற இடத்தில் நான் போட வேண்டுமாம். போடுவதற்கும் கை வரவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நாளை மாலைக்குள் வாங்கிவிடுவோம் என்கிறார்கள். அதற்குள் தாங்களே ஒருமுறை மாடிக்கு வந்து அவரைப் பார்க்க வேண்டும். இன்றைக்கு என்னால் போட முடிந்த கையெழுத்து கீழே இருக்கும் இது ஒன்றுதான்.

இடம்: மூன்றாம் மாடி, ஆண்கள் பிரிவு
நாள்: ஞாயிற்றுக்கிழமை

இப்படிக்கு,
பயத்துடனும் தங்களை நம்பியும்,
(கையொப்பம்)
பன்னிரண்டாம் படுக்கைக்காரரின் மனைவி